உஷார்! மழை பெய்தாலும் ஆறு வராது

பெங்களூரில் நல்ல மழை கொட்டிய மறுநாள் காலை அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுக்களில் தவறாமல் ஒரு வரி வரும்: “அப்பாடா, இந்த வருஷம் தண்ணிக் கஷ்டம் இல்லை!” அந்த வரியை நம்பி ஏமாறாதீர்கள். இந்த ஊரில் மழைக்கும் ஆற்றுக்கும் இருந்த உறவு அறுந்து பல வருடங்கள் ஆகின்றன.

2022 பெங்களூரின் பதிவுகளிலேயே பெருமழை பெய்த ஆண்டு. செப்டம்பரில் வெளிவட்டச் சாலை மூழ்கியது, ஐ.டி. ஊழியர்கள் டிராக்டரில் ஏறி ஆபீஸ் போனார்கள். அடுத்த ஆண்டு பருவமழை பொய்த்தது. 2024 மார்ச்சில் மாநகராட்சியின் சுமார் 14,000 போர்வெல்களில் ஏறக்குறைய பாதி வறண்டு கிடந்தன. குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்தது. வெள்ளத்துக்கும் வறட்சிக்கும் இடையே ஒன்றரை வருடம்தான். அவ்வளவு மழையும் எங்கே போயிற்று?

பதில் தெரிய வேண்டுமானால் ஊருக்கு மேற்கே ஓடும், இல்லை, ஓடிக்கொண்டிருந்த அர்க்காவதி ஆற்றைப் பார்க்க வேண்டும். நந்தி மலையில் பிறந்து, கனகபுரா பக்கம் சங்கமாவில் காவிரியோடு கலக்கும் ஆறு அது. பெங்களூரின் முதல் குழாய்த் தண்ணீரே இந்த ஆற்றிலிருந்துதான் வந்தது. திவான் சேஷாத்ரி ஐயர் காலத்தில், 1894-இல், ஹெசரகட்டா ஏரித் திட்டம்; 1930-களில் திப்பகொண்டனஹள்ளி அணை. 1974-இல் காவிரித் தண்ணீர் வந்து சேரும்வரை ஊரின் தாகம் தீர்த்தது அர்க்காவதிதான். பிறகு அணைக்கு வரத்து சரியத் தொடங்கியது. வந்த கொஞ்சத்திலும் ஆலைக்கழிவும் சாக்கடையும் கலந்தன. 2010-களில் அந்த அணை நகரத்துக்குத் தண்ணீர் தருவதே நின்றுபோனது.

இந்த ஆறு ஏன் காய்ந்தது என்று அப்போது பெங்களூரின் ஏட்ரீ ஆய்வு நிறுவனத்தில் இருந்த வீணா ஸ்ரீனிவாசனும் உடன் பணியாற்றியவர்களும் துருவி ஆராய்ந்து 2015-இல் வெளியிட்டார்கள். மழை குறைந்ததா, வெயில் கூடியதா, நிலத்தடி நீரை உறிஞ்சியதா, தைல மரத் தோப்புகளா என்று ஒவ்வொன்றாக எடுத்துச் சோதித்தார்கள். வந்த முடிவு பலருக்கும் கசப்பானது. மழையும் வெப்பமும் முக்கியக் குற்றவாளிகள் அல்ல. நிலத்தடி நீர் தீர்ந்ததும் தைல மரங்கள் பெருகியதும்தான் பெரிய காரணங்கள். ஓடையை மறித்த தடுப்புகளுக்கும் ஓரளவு பங்கு உண்டு.

ஆகவே மூன்று பேச்சுகளைக் கேட்டால் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள்.

முதல் பேச்சு: “எல்லாம் காலநிலை மாற்றம் சார், நாம என்ன பண்ண முடியும்?”

இது தப்பித்துக்கொள்ளும் பேச்சு. இந்த மண்ணுக்கு அடியில் இருப்பது கடினப் பாறை. அதன் மேலே உள்ள சிதைந்த பாறை அடுக்கில்தான் தண்ணீர் தங்கும். ஒரு காலத்தில் அந்த அடுக்கு நிறைந்து, மழை நின்ற பிறகும் பள்ளங்களில் கசிந்து, கோடையிலும் ஓடைக்கு உயிர் கொடுத்தது. போர்வெல் ஆயிரம் அடிக்கு மேல் இறங்கியபோது மேலடுக்கு காலியானது. இப்போது ஓடையில் வரும் தண்ணீரையே நிலம் உள்ளே இழுத்துக்கொள்கிறது. கழுத்துவரை கடன்பட்டவன் சம்பளம்போல ஆகிவிட்டது மழை. வீடு வந்து சேருமுன்பே வழியில் பிடுங்கிக்கொள்ள ஆள் இருக்கிறது.

அப்படியானால் காலநிலை மாற்றத்துக்குப் பயப்பட வேண்டாமா? இரண்டு மடங்கு பயப்பட வேண்டும். வறண்ட பிரதேசங்களில் பெய்யும் மழையில் பெரும்பகுதி ஆவியாகவும் இலை வழியாகவும் வானத்துக்கே திரும்புகிறது. மிச்சம் வழிவதுதான் ஆறு. அந்த மிச்சம் சிறியது என்பதால் மழையில் சின்னக் குறைவு வந்தாலும் ஆற்றில் பெரிய வெட்டு விழும். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்தைப் பாருங்கள். அங்கே 1970-களுக்குப் பிறகு மழை குறைந்தது சுமார் 15 முதல் 20 சதவீதம். அணைகளுக்கு வரும் தண்ணீரோ பாதிக்கும் கீழே சரிந்துவிட்டது. 2006-இல் அந்த ஊர் கடல்நீரைக் குடிநீராக்கத் தொடங்கியது. பெங்களூருக்குக் கடல் பக்கத்தில் இல்லை.

இரண்டாவது பேச்சு: “ரெண்டு வருஷம் நல்ல மழை பெய்தா ஆறு தானா வந்துடும்.”

வராமலும் போகலாம். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 1990-களின் இறுதியிலிருந்து 2010 வரை நீண்ட பஞ்சம். மழை திரும்பி ஏழு ஆண்டுகள் கழிந்தும் அங்கே ஆராயப்பட்ட நீர்ப்பிடிப்புப் பகுதிகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவற்றில் பழைய ஓட்டம் திரும்பவில்லை என்று 2021-இல் வெளிவந்த ஆய்வு சொல்கிறது. பெய்யும் மழை பழைய அளவுதான். ஆற்றுக்கு வரும் தண்ணீர் குறைவு.

“2022-இல் ஹெசரகட்டா நிறைந்ததே!” என்பீர்கள். நிறைந்தது, உண்மைதான். ஊரையே மூழ்கடிக்கும் மழை வந்தால்தான் ஏரி நிறையும் என்றால் அது நற்செய்தியா? சாதாரண மழைக்கே நிறைந்த ஏரி அது. சூடாகும் உலகில் மழை சில நாட்களிலேயே கொட்டித் தீர்த்துவிட்டுப் போவது கூடுகிறது. காங்கிரீட் போட்ட ஊரில் அது சாலையில் வெள்ளமாக ஓடும்; நிலத்துக்குள் இறங்காது.

மூன்றாவது பேச்சு: “இங்க இல்லேன்னா வேற இடத்திலிருந்து கொண்டுவரலாம்.”

காவிரித் தண்ணீர் சுமார் 100 கி.மீ. குழாயில் ஏறித்தான் பெங்களூருக்கு வருகிறது. 2018-இல் உச்ச நீதிமன்றம் நகரத்துக்கென 4.75 டிஎம்சி சேர்த்துக் கொடுத்தது. 2024 அக்டோபரில் ஐந்தாம் கட்டத் திட்டம் நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர் என்ற கணக்கோடு திறக்கப்பட்டது. நல்லது. ஆனால் காவிரியின் துணை ஆறுதானே அர்க்காவதி? ஒன்றைக் காயவிட்டு இன்னொன்றிலிருந்து எடுக்கிறோம். காவிரியின் மலைகளில் மழை பொய்க்கும் வருடத்தில் குழாய் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் பயனில்லை.

எத்தினஹொளே திட்டத்தில் இன்னொரு எச்சரிக்கை ஒளிந்திருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் சிற்றோடைகளிலிருந்து 24 டிஎம்சி எடுத்துக் கிழக்கே கொண்டுவருவது அரசின் கணக்கு. இந்திய அறிவியல் கழகத்தின் டி.வி.ராமச்சந்திரா குழுவினர் கணக்கிட்டபோது அந்த ஓடைகளின் மொத்த நீர்வளமே 9.55 டிஎம்சிதான் என்று வந்தது. ஓடையில் எவ்வளவு ஓடுகிறது என்பதிலேயே இத்தனை வித்தியாசம் இருக்கும்போது பல ஆயிரம் கோடிக்குக் குழாய் பதிக்கிறோம்.

குறையின் வேர் அங்கேதான். சிறிய ஆறுகளில் ஓட்டத்தை அளக்கும் நிலையங்கள் மிகக் குறைவு. இந்த ஆறுகளை ஆராய, முனைவர் பட்டம் முடித்த இளம் ஆய்வாளர்கள் இரண்டு, மூன்று வருட ஒப்பந்தத்தில் வருகிறார்கள். சாட்டிலைட் படங்களையும் உலகளாவிய காலநிலை மாதிரிகளையும் வைத்துக் கணக்குப் போடுகிறார்கள். திறமைக்குக் குறைவில்லை. ஆனால் ஆற்றின் கதையைச் சொல்ல முப்பது, நாற்பது வருட அளவீடு வேண்டும். அளவீடு இல்லாத ஆற்றில் மழையை மட்டும் மாதிரியில் போட்டு “2050-இல் இவ்வளவு ஓடும்” என்று வரும் எண்ணை நம்பி எவரும் அணை கட்டிவிடக் கூடாது. போர்வெல்லும் தைல மரமும் அந்தக் கணக்கில் உள்ளனவா என்று முதலில் கேளுங்கள்.

தமிழ்நாட்டில் இருப்பவர்களும் உஷார்! நந்தி மலையும் அதை ஒட்டிய கோலார் மேட்டு நிலமும்தான் தென்பெண்ணைக்கும் பாலாற்றுக்கும் பிறப்பிடம். பாலாறு பெரும்பாலான மாதங்கள் மணல் ஆறுதான். ஓசூர் கெலவரப்பள்ளி அணைக்குக் கோடையிலும் தென்பெண்ணையில் தண்ணீர் வருகிறதென்றால் சந்தோஷப்பட வேண்டாம். அதில் பெரும்பகுதி பெங்களூரின் கழிவுநீர். அணையில் நுரை பொங்குவது அதனால்தான். ஓட்டம் கூடியதாகக் காட்டும் எண்ணுக்குப் பின்னால் எந்தத் தண்ணீர் ஓடுகிறது என்று பார்க்காவிட்டால் அளவீடும் நம்மை ஏமாற்றும்.

இனி, செய்ய வேண்டியவை.

பெங்களூரில் ஃபிளாட் வாங்குகிறீர்களா? “காவிரி கனெக்‌ஷனுக்கு அப்ளை பண்ணியிருக்கோம்” என்ற பதிலை ஏற்காதீர்கள். இணைப்பு கொடுத்த காகிதத்தைக் கேளுங்கள். போர்வெல் எத்தனை அடி, எந்த வருடம் போட்டது, ஏப்ரலில் எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று கேளுங்கள். மழைக்காலத்தில் மோட்டார் போட்டுக் காட்டினால் அது சோதனை ஆகாது. பழைய கட்டடமாக இருந்தால் 2024 மார்ச் மாத டேங்கர் பில்லைச் சங்கத்திடம் வாங்கிப் பாருங்கள். எல்லாம் அதில் தெரிந்துவிடும்.

சொந்த வீடு கட்டுபவர்களுக்கு: 30-க்கு 40 அடி மனையில் எழும்பும் புது வீட்டுக்கும் மழைநீர் சேகரிப்பு இங்கே கட்டாயம். பேருக்கு ஒரு பைப் வைத்து அதைச் சாக்கடையில் விடாதீர்கள். குழி வெட்டி நிலத்துக்குள் இறக்குங்கள்.

நிலம் வைத்திருப்பவர்களுக்கு: தைல மரம் ஆள் இல்லாமலே வளரும், காசும் தரும் என்பதால் நட்டவர்கள் ஏராளம். அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் 2017-இல் கர்நாடகம் புதிதாக நடுவதற்குத் தடை போட்டது சும்மா இல்லை. புதுக்கோட்டை விவசாயிகள் தைல மரக் காடுகளை எதிர்த்துக் குரல் கொடுப்பதும் இதே காரணத்துக்காகத்தான். பக்கத்துக் கிணறும் உங்கள் கிணறும் ஒரே தண்ணீரைத்தான் குடிக்கின்றன.

வார்டு கூட்டம், கிராம சபை எதுவானாலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று: “எங்கள் ஓடையில் போன கோடையில் எவ்வளவு தண்ணீர் ஓடியது, அதை அளந்தது யார்?” பதில் இல்லையென்றால் அளவுகோல் வைக்கச் சொல்லித் தீர்மானம் போடுங்கள். அடுத்த பஞ்சம் எந்த வருடம் என்று எவராலும் சொல்ல முடியாது. அது வந்தால் தாக்குப்பிடிக்க நிலத்துக்கு அடியில் இருந்த கையிருப்பை நாம் முன்கூட்டியே செலவழித்துவிட்டோம். மழை பெய்யும் இந்த வருடங்களில் அதைத் திரும்பச் சேர்க்கவில்லையென்றால், பெய்யாத வருடத்தில் டேங்கர்காரர் சொல்வதுதான் விலை.