குழல் குறையாத குட்டைத் துப்பாக்கி
அமெரிக்காவின் பேரட் நிறுவனத் தயாரிப்பான எம்-95, 12.7 மில்லிமீட்டர் தோட்டாவைச் சுடும் ராணுவத் துப்பாக்கி. நீளம் சுமார் 114 சென்டிமீட்டர்தான். அதே நிறுவனத்தின் எம்-82 ஏறத்தாழ 145. குழலோ இரண்டிலும் சுமார் 74 சென்டிமீட்டர்! ஆக, குறைந்தது குழல் அல்ல. குழலை வெட்டினால் வெடிவாயு தோட்டாவை உந்தும் தூரம் சுருங்கும், வேகம் குறைந்துவிடும். அதனால் எம்-95இல் தோட்டாப் பெட்டியையும், தோட்டாவைக் குழலுக்குள் தள்ளி அடைக்கும் போல்ட்டையும் சுடும் விசைக்குப் பின்னால், தோள்பகுதிக்குள் தள்ளிவிட்டார்கள். எம்-82 அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும், அந்தப் பொறிக்குக் கூடுதல் இடம் வேண்டாமா என்று கேட்கலாம். நியாயம்தான், ஆனால் 31 சென்டிமீட்டரையும் அது விழுங்கிவிடாது. இந்தச் சுருக்கத்துக்கு ஒரு விலை உண்டு: போல்ட் தோளருகே போய்விட்டதால், ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் கையைப் பின்னுக்குக் கொண்டுபோய் இழுத்தாக வேண்டும்.