காத்மாண்டு ரிங் ரோடில் ஆட்டங்கண்ட சிம்மாசனம்

மோதி பாக் அரசுக் குடியிருப்பில் காலந்தள்ளிய தமிழ்க் குடும்பங்களுக்கு நள்ளிரவில் தரையைத் தட்டிக்கொண்டு போகும் தடியின் ஓசை பழக்கமானது. தடியைப் பிடித்தவர் பெரும்பாலும் நேபாளத்துக்காரர். "பகதூர்" என்று கூப்பிட்டு, மாதம் பிறந்தால் காசு கொடுப்பதோடு சரி. அவர் நாட்டு ராஜா என்ன ஆனார் என்று விசாரித்தவர்கள் குறைவு. விசாரித்திருக்க வேண்டிய கதை அது.

1950 நவம்பர் 6ஆம் தேதி நேபாள மன்னர் திரிபுவன் குடும்பத்தோடு காத்மாண்டு இந்தியத் தூதரகத்தில் தஞ்சம் புகுந்தார். நூறாண்டுக்கு மேல் அதிகாரத்தைக் கையில் வைத்திருந்த ராணா பிரதமர்கள், மூன்று வயதுப் பேரன் ஞானேந்திராவுக்கு முடிசூட்டினார்கள். இந்தியா அதை ஏற்கவில்லை. திரிபுவன் டில்லி வந்து சேர்ந்தார். நேபாளி காங்கிரஸ் ஆயுதம் ஏந்தியது. ஆனாலும் வழக்கு டில்லியில்தான் பேசித் தீர்க்கப்பட்டது. 1951 பிப்ரவரியில் மன்னர் வெற்றியோடு திரும்பினார். ராணாக்களின் பிடி தளர்ந்தது. அரண்மனையின் கை ஓங்கியது.

அதே ஞானேந்திரா 2001 அரண்மனைப் படுகொலைக்குப் பின் மறுபடி மன்னரானார். 2005 பிப்ரவரி 1ஆம் தேதி பிரதமர் தேவுபாவை நீக்கிவிட்டு ஆட்சியைத் தாமே எடுத்துக்கொண்டார். டெலிபோன்கள் துண்டிக்கப்பட்டன. கட்சிகள் மீது ஜனங்களுக்கே சலிப்பு இருந்ததால் தெருவில் பெரிய கொந்தளிப்பு எழவில்லை. அதுவரை அது ராஜாவுக்கும் கட்சிக்காரர்களுக்கும் நடந்த சண்டைதான். நவம்பரில் ஏழு கட்சிகளும் மாவோயிஸ்டுகளும் டில்லியில் 12 அம்ச உடன்பாடு கண்டார்கள்.

2006 ஏப்ரல் 6ஆம் தேதி நான்கு நாள் வேலைநிறுத்தம் என்றுதான் ஆரம்பித்தார்கள். அது 19 நாள் நீண்டது. மோதி பாக்கை ஒட்டி ஓடுவது போல் காத்மாண்டைச் சுற்றியும் ஒரு ரிங் ரோடு உண்டு, 27 கிலோமீட்டர். நகருக்குள் ஊரடங்கு உத்தரவு என்றதும் கூட்டம் அங்கே திரண்டது. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. சர்க்கார் உத்தியோகஸ்தர்களும் இறங்கினார்கள். உள்துறை அமைச்சக ஊழியர்களே கோஷமிட்டுக் கைதானார்கள். உத்தரவு எழுதும் குமாஸ்தாவே பேனாவை மூடிவிட்டால் எந்த ராஜா என்ன செய்வார்?

21ஆம் தேதி மன்னர் இறங்கி வந்தார்: கட்சிகளே பிரதமரைச் சொல்லட்டும். டில்லி அதை வரவேற்றது. ரிங் ரோடு ஏற்கவில்லை. கட்சித் தலைவர்களும் கூட்டத்தின் பின்னால் போக வேண்டியதாயிற்று. 24ஆம் தேதி இரவு, கலைக்கப்பட்ட நாடாளுமன்றத்தை மன்னர் திருப்பிக் கொடுத்தார்.

2008 மே 28ஆம் தேதி அரசியல் நிர்ணய சபை முடியாட்சியை முடித்து வைத்தது. மூன்று வயதிலும் ஐம்பத்து மூன்றிலும் முடிசூடிய ஞானேந்திரா ஜூன் 11ஆம் தேதி நாராயண்ஹிட்டி அரண்மனையைக் காலி செய்தார். அது பிறகு மியூசியமானது.