கம்பத்தை நிமிர்த்துகிறவர்கள்

கற்பிட்டியின் உச்சமுனையிலிருந்து ஒரு வாசகி கடிதம் எழுதியிருக்கிறார். அந்தாட்டிக்காவில் குளிர் −89 பாகை வரை போயிருக்கிறது என்று புத்தகத்தில் வாசித்த அவருடைய மகன், "ஆளே இல்லாத இடத்துல அத யாரும்மா பாத்தது?" என்று கேட்டானாம். தனக்குப் பதில் தெரியவில்லை, நீங்கள் எழுதுங்கள் என்கிறார்.

அந்த ஓர் எண்ணைப் பொறுத்தவரை விடை சுலபம். 1983 ஜூலை 21 அன்று சோவியத் நாட்டின் வொஸ்தொக் நிலையத்தில் −89.2 பாகை செல்சியஸ் பதிவானபோது அங்கே ஆட்கள் இருந்தார்கள். ஆனால் பையனின் கேள்வி அந்த எண்ணோடு முடிவதில்லை. அந்தாட்டிக்கா இலங்கையைப் போல் இருநூறு மடங்குக்கும் மேல் பெரியது. மாரியில் அங்கே ஆட்கள் தங்குவது நாற்பது அளவிலான நிலையங்களில்தான். அவற்றிலும் பெரும்பாலானவை கரையோரத்தில். மிச்சமுள்ள நிலத்தின் குளிரையும் காற்றையும் யார் பார்க்கிறார்கள்?

அதற்கு முன் ஒரு கடல்வழி. உச்சமுனையின் மேற்குக் கரையிலிருந்து ஒரு படகை நேர் தெற்கே விடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். நீர்கொழும்பும் கொழும்பும் இடது கைப்பக்கம் ஒதுங்கிப் போகும். அதன்பிறகு சுமார் 8,500 கிலோமீற்றருக்குக் குறுக்கே ஒரு தீவும் கிடையாது. படகு முட்டும் முதல் கரை அந்தாட்டிக்காதான். ஒதுங்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஆஸ்திரேலியாவின் டேவிஸ் நிலையம் 1957 முதல் இருக்கிறது. அதற்குத் தென்மேற்கே லார்ஸ்மன் குன்றுகளில் 2012இல் திறக்கப்பட்ட இந்தியாவின் பாரதி நிலையம். அங்கிருந்து உள்நாட்டுக்குள் இன்னும் ஆயிரத்துச் சொச்சம் கிலோமீற்றர் தெற்கே ஏறினால் டோம் ஏ என்ற 4,093 மீற்றர் உயரப் பனி முகடு. அந்த முகட்டை 2005 ஜனவரியில் சென்றடைந்த சீனக் குழு ஆஸ்திரேலியர்கள் செய்த ஒரு தானியங்கி வானிலை நிலையத்தை அங்கே நட்டுவிட்டுத் திரும்பியது. உச்சமுனைக்குத் தெற்கே, கிட்டத்தட்ட அதே தீர்க்கரேகையில், யாருமில்லாத இடத்தில் ஒரு கம்பம்.

தானியங்கி நிலையம் என்றால் கட்டடம் ஒன்றை நினைக்க வேண்டாம். ஆளுயரத்தைவிடச் சற்று உயரமான ஓர் இரும்புக் கம்பம், அதன் குறுக்குக் கைகளில் வெப்பமானி, காற்றுமானி, ஈரப்பதமானி, கீழே ஒரு பெட்டிக்குள் அமுக்கமானியும் பதிவுக் கருவியும். வெப்பமானியில் பாதரசம் கிடையாது; பாதரசம் −38.8 பாகையிலேயே கட்டியாகிவிடும். பிளாட்டினக் கம்பியின் மின்தடை குளிருக்கு ஏற்ப மாறுவதை வைத்துத்தான் அளவு எடுக்கிறார்கள். கோடையில் சூரியத் தகடு மின்சாரம் தரும். சூரியன் எழாத மாதங்களுக்காகப் பற்றரிகளைப் பனிக்குள் புதைத்து வைக்கிறார்கள். அளவுகள் செய்மதி வழியாக வெளியே போகின்றன. அமெரிக்காவின் விஸ்கொன்சின் பல்கலைக்கழகம் 1980 முதல் இப்படிப்பட்ட நிலையங்களைக் கண்டத்தின் பல மூலைகளில் நட்டுப் பராமரித்து வருகிறது.

கம்பத்தின் குறுக்குக் கைக்கும் பனித்தரைக்கும் உள்ள இடைவெளியை ஒலியால் அளக்கும் கருவி ஒன்றும் உண்டு. ஒலி போய்த் திரும்பும் நேரத்தை அது தூரமாக மாற்றும். −60 பாகையில் ஒலி நொடிக்கு 290 மீற்றர் அளவில்தான் போகும். 0 பாகையில் 331. இந்த வித்தியாசத்தைக் கழிக்காவிட்டால் இரண்டு மீற்றர் இடைவெளி சுமார் 26 சென்ரிமீற்றர் கூடித் தெரியும். உள்நாட்டுப் பீடபூமியில் ஓர் ஆண்டு முழுக்க விழும் பனியே அவ்வளவு இராது. வெப்பமானி பிழைத்தால் பனியின் கணக்கும் கூடவே பிழைக்கும்.

அந்த வெப்பமானியின் கதைதான் எனக்கு மிகப் பிடித்தது. உலகிலேயே குளிர்ந்த இடத்தில் அதற்கு வரும் பெரிய ஆபத்து சூடு.

காற்றின் வெப்பநிலையை அளக்க வேண்டுமானால் வெப்பமானியின் மேல் வெயில் படக்கூடாது, ஆனால் காற்று பட வேண்டும். நம் நிலையங்களில் கால்மேல் நிற்கும் வெள்ளைப் பெட்டியும் அதன் சாய்ந்த சட்டங்களும் இதற்காகத்தான். அந்தாட்டிக்கக் கம்பங்களில் தட்டுத் தட்டாக அடுக்கிய வெள்ளைக் கவசம் அந்த வேலையைச் செய்கிறது. மேலிருந்து வரும் வெயிலை அது நன்றாகத் தடுக்கும். ஆனால் புதுப் பனி தன்மேல் விழும் ஒளியில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் திருப்பி அனுப்பிவிடும். கோடையில் சூரியன் இருபத்து நான்கு மணிநேரமும் அடிவானத்துக்குச் சற்று மேலே சுற்றிக்கொண்டிருக்கும். ஆகவே ஒளி பக்கவாட்டிலும் கீழிருந்தும் தட்டுகளுக்கு இடையே புகுந்துவிடும். பாலாவி உப்பளத்துப் பாத்திகளுக்கு நடுவே நண்பகலில் குடை பிடித்து நடந்தவர்களுக்கு இது தெரியும். தலை நிழலில் இருக்கும், தாடையின் கீழ்ப்புறம் எரியும். நான் ஒருமுறை நடந்துவிட்டு வந்து இரண்டு நாள் கழுத்தில் துணி படவிடாமல் இருந்தேன்.

காற்று பலமாக அடித்தால் கவசத்துக்குள் சேரும் சூட்டைக் கொண்டுபோய்விடும். கரையோர அந்தாட்டிக்காவில் சரிவிலிருந்து இறங்கும் காற்று ஓயாது வீசுவதால் அங்கே பிழை சிறிது. உள்நாட்டு முகடுகளில் காற்று மெல்லியது. உயரத்தினால் அடர்த்தியும் குறைவு. டோம் சி என்ற இடத்தில் பிரெஞ்சு ஆய்வாளர்கள் சாதாரணக் கவசத்துக்குள் ஒரு வெப்பமானியையும், விசிறி வைத்துக் காற்றை இழுக்கும் கவசத்துக்குள் இன்னொன்றையும் வைத்து ஒப்பிட்டார்கள். 2011இல் வெளிவந்த அவர்களின் கட்டுரைப்படி, வெயிலும் காற்றின்மையும் சேர்ந்த வேளைகளில் சாதாரணக் கவசத்தின் அளவு 10 பாகைக்கும் மேல் கூடிப்போனது. காற்று −40இல் இருக்க, கருவி −30 என்று செய்மதிக்குச் சொல்லிக்கொண்டிருக்கும்.

அப்படியானால் எல்லாக் கம்பத்துக்கும் விசிறி வைத்துவிடலாமே என்று தோன்றும். விசிறி மின்சாரம் குடிக்கும். மாரிக்கால இருட்டில் பற்றரியில் உள்ள ஒவ்வொரு சொட்டும் வேண்டும். இங்கேதான் இயற்கை கொஞ்சம் இரக்கம் காட்டியிருக்கிறது. விசிறி வேண்டியது வெயில் அடிக்கும்போது மட்டும். வெயில் அடிக்கும்போது சூரியத் தகட்டில் மின்சாரமும் வரும். இருட்டு வந்ததும் விசிறியை நிறுத்திவிடலாம். இந்த ஏற்பாட்டைப் படித்த நாளில் எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

பூமி சூடாவதை அளக்க வைத்த கருவியே சூடாகிப் பொய் சொல்கிறது என்றால், வெப்பநிலை உயர்கிறது என்ற பேச்சையே நம்பலாமா என்று சிலர் கேட்பார்கள். நம்பலாம். பிழை எந்த மாதத்தில், எந்த வெளிச்சத்தில், எந்தக் காற்றில் வருகிறது என்று தெரிந்தபின் அதைக் கழிக்க முடியும். அந்தப் பிழையைத் தேடிப் போனவர்களும் அதே வெப்பமானியை நம்பி வேலை செய்கிறவர்கள்தான். தேடாமல் விட்டிருந்தால்தான் பயப்பட வேண்டும்.

மாரியில் வேறு தொல்லை. உறைபனி பூத்து காற்றுமானி இறுகிவிடும். புயல் அடித்துக்கொண்டிருக்க, கருவி பூச்சியம் என்று அனுப்பும். சோளகம் வீசும் நாளில் களப்பே அசையாமல் கிடக்கிறது என்று ஒருவர் சொன்னால் கற்பிட்டியில் யாரும் நம்பமாட்டார்கள். ஏனென்றால் அங்கே பார்க்க ஆள் இருக்கிறது. டோம் ஏயில் இல்லை. மணிக்கணக்காகத் தொடரும் பூச்சியங்களைச் சந்தேகித்து ஒதுக்குவது வெளிநாட்டில் மேசைமுன் இருக்கும் ஒருவரின் வேலை.

எல்லாவற்றுக்கும் மேலாக, அங்கே விழுந்த பனி பெரும்பாலும் உருகுவதில்லை. நிற்கும் எதுவும் ஆண்டுக்கு ஆண்டு புதைகிறது. இந்தியா 1983–84இல் பனித்தட்டின் மேல் கட்டிய தட்சிண கங்கோத்ரி நிலையம் புதைந்துபோய் 1990இல் கைவிடப்பட்டது. பின்னர் வந்த மைத்ரியும் பாரதியும் பாறைமேல் நிற்கின்றன. கம்பங்களுக்குப் பாறை கிடைப்பது அரிது. யாராவது வந்து தோண்டி, சாய்ந்ததை நிமிர்த்தி, மேலே ஒரு துண்டைப் பூட்டி உயர்த்த வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை சிறிய விமானத்தில் இரண்டு மூன்று பேர் இறங்கி, கையுறையோடு திருகாணியைத் திருக முடியாமல் அதைக் கழற்றி, விரல் மரத்துப்போக வேலை செய்துவிட்டுப் போகிறார்கள். தானியங்கி நிலையம் என்பது இவர்களையும் சேர்த்துத்தான்.

வரமுடியாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு மேற்கு அந்தாட்டிக்காவின் பேர்ட் நிலையம் இருக்கிறது. 1957இல் ஆட்களோடு தொடங்கி, பின்னர் கோடைக்கு மட்டுமாகச் சுருங்கி, 1980இல் தானியங்கியாக மாறியது. நீண்ட இருட்டில் மின்சாரம் தீர்ந்து நின்ற மாதங்கள் பல. மொத்தப் பதிவில் மூன்றில் ஒரு பங்கு இல்லை. ஆய்வாளர் டேவிட் பிரோம்விச்சும் கூட்டாளிகளும் கருவியின் அளவுப் பிழைகள் திருத்தப்பட்ட தரவை எடுத்து, இடைவெளிகளைக் கணினி மாதிரிகளின் உதவியால் நிரப்பி, 1958க்கும் 2010க்கும் இடையே அங்கே 2.4 பாகை உயர்ந்திருக்கிறது என்று 2012 இறுதியில் காட்டினார்கள். உலகில் மிக விரைவாகச் சூடாகும் இடங்களில் அதுவும் ஒன்று என்று தெரியவர அத்தனை ஆண்டுகள் பிடித்தன.

கிறீன்லாந்தில் இந்த வேலையைத் தன் வாழ்க்கையாகவே எடுத்துக்கொண்டவர் சுவிற்சர்லாந்தின் கொன்ராட் ஸ்டெஃபன். 1990இல் பனிமேல் ஒரு முகாம் அமைத்து, பின்னர் தீவு முழுக்க ஒரு நிலைய வலையை விரித்தார். முப்பது ஆண்டுகளாகத் திரும்பத் திரும்பப் போய்க் கம்பங்களை நிமிர்த்தினார். 2020 ஆகஸ்ட் 8 அன்று அதே முகாமின் அருகே பனிப்பிளவில் விழுந்து இறந்தார். அந்த வலையை இப்போது டென்மார்க்கின் புவியியல் ஆய்வு நிறுவனம் பேணுகிறது.

நம் பக்கம் பார்த்தால் மனம் கனக்கிறது. போர் நடந்த ஆண்டுகளில் வடக்கு கிழக்கு நிலையங்கள் பலவற்றில் பதிவு அறுந்துபோனது. அந்தப் பருவ மழைகளை இனி யாரும் அளக்க முடியாது. 2009ஆம் ஆண்டளவில் ஜப்பானின் உதவியோடு 38 தானியங்கி நிலையங்கள் நாடெங்கும் வைக்கப்பட்டன. சில ஆண்டுகளுக்குள் அவற்றைப் பராமரிக்கவும் அளவு சரிபார்க்கவும் பயிற்சி தர இன்னொரு ஜப்பானியத் திட்டம் தேவைப்பட்டது. கருவியைத் திறந்துவைக்க நாடா வெட்டுகிறோம், படம் எடுக்கிறோம். மறு ஆண்டு அதன் கேபிளை எலி கடித்ததா என்று பார்க்கப் போகிறவருக்குப் பயணப்படி கிடைக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. எனக்குத் தெரிந்த ஓர் ஊரில் மழைமானிக்கு மேலே முருங்கைக் கிளை வளர்ந்து நின்றது. அந்த மானியின் கணக்கை வைத்துத்தான் அடுத்த தலைமுறை வரட்சி நிவாரணம் பேசப்போகிறது.

உச்சமுனை போன்ற தாழ்ந்த மணல் தரைக்கு அந்தாட்டிக்கக் கம்பங்களின் கணக்கு தூரத்துச் செய்தி அல்ல. பாரதி நிலையத்துக்கு மேற்கே லம்பேட் என்ற பெரும் பனியாறு கடலுக்கு இறங்குகிறது. உலகின் மிகப் பெரிய பனியாறுகளில் அது ஒன்று. கடலுக்குப் போகும் பனி எவ்வளவு, மேலே புதிதாக விழும் பனி எவ்வளவு என்ற கணக்கைப் பொறுத்தும் கடல்மட்டம் மாறும். விழும் பனியைச் சொல்வது அந்த ஒலிக்கருவியும் அதற்குத் துணையான வெப்பமானியும்.

வாசகியின் மகனுக்கு ஒரு வேலை சொல்கிறேன். பள்ளியில் ஒரு மழைமானி வைக்கச் சொல்லுங்கள். பக்கத்து மரமோ கூரையோ எவ்வளவு உயரமோ அதைப்போல் இரு மடங்கு தூரமாவது தள்ளி, திறந்த வெளியில். வளிமண்டலவியல் திணைக்களத்துக்காக நாடெங்கும் தொண்டாக மழை அளக்கிறவர்கள் காலை 8.30க்குப் பார்க்கிறார்கள், அவனும் அதே நேரத்துக்குப் பார்க்கட்டும். மழை பெய்யாத நாளில் 0 என்றும், பார்க்க மறந்த நாளில் வெறும் கோடும் குறிக்கட்டும். அவன் பள்ளியை விட்டுப் போகும்போது கொப்பியை யாரிடம் கொடுப்பது என்பதை ஆசிரியரோடு இப்போதே பேசி வைத்துக்கொள்வது நல்லது.