வெளிச்சம் வரட்டும், வெயில் வேண்டாம்

ஜொகூரின் ஸ்கூடாய், மாசாய்ப் பக்கத்துப் பழைய வரிசை வீடுகளில் நடு அறைதான் பாவப்பட்ட அறை. இருபுறமும் அண்டை வீட்டுச் சுவர். குடும்பம் பெருகியதும் சமையலறையைப் பின்வேலி வரை நீட்டியிருப்பார்கள். அதோடு அந்த அறையின் ஜன்னல் போயிருக்கும். பட்டப்பகலிலும் விளக்கைப் போட்டால்தான் அலமாரியில் சட்டை தெரியும். கூரையில் ஒரு கண்ணாடி வைத்துவிடலாம் என்ற எண்ணம் அப்போதுதான் வரும்.

நல்ல எண்ணம்தான். ஆனால் எவ்வளவு பெரிதாக, எந்தப் பக்கம் பார்த்து என்பதை யோசிக்காமல் வைத்தால் இருட்டறை வெந்நீர் அண்டாவாகிவிடும். தமிழ்நாட்டு ஓட்டு வீடுகளில் கூரைக்கு ஒன்றிரண்டு கண்ணாடி ஓடுதான் பதிப்பார்கள். அந்த அளவறிவு ஜொகூருக்கு இன்னும் அதிகமாகவே தேவை.

காரணம் சூரியன் நிற்கும் இடம். ஜொகூர் பாரு நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 1.5 பாகையில் இருக்கிறது. மார்ச்சிலும் செப்டம்பரிலும் உச்சிச் சூரியன் கிட்டத்தட்ட நேர் தலைக்கு மேல். டிசம்பரில்கூட அடிவானத்திலிருந்து 65 பாகை உயரத்தில் நிற்கும். அதே டிசம்பர் நண்பகலில் டென்மார்க்கின் கோப்பன்ஹேகனில் அது 11 பாகை உயரத்தைத் தாண்டுவதில்லை. ஐரோப்பிய வீட்டுப் படங்களில் கூரை முழுக்கக் கண்ணாடி இருப்பது அதனால்தான்: வெயிலுக்கு ஏங்குகிற நாடுகள் அவை.

மேகமில்லாத நண்பகலில் ஒரு சதுர மீட்டர் கூரைமேல் ஏறத்தாழ 1,000 வாட் வெயில் விழுகிறது. சாதாரணத் தெளிந்த கண்ணாடி அதில் 800 வாட் அளவுக்கு உள்ளே விட்டுவிடும். ஒரு குதிரைத்திறன் ஏர்கோன் வெளியேற்றும் வெப்பமே சுமார் 2,600 வாட்தான். அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை அந்த ஒற்றைக் கண்ணாடியே தின்றுவிடும். வெளிச்சத்துக்கோ இவ்வளவு திறப்பு தேவையே இல்லை. வானம் மூடிக்கிடக்கும் நண்பகலிலும் வெளியே 10,000 லக்ஸுக்கு மேல் ஒளி இருக்கும். புத்தகம் படிக்க 300 லக்ஸ் போதும். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறைக்கு இரண்டடிக்கு இரண்டடி திறப்பே தாராளம் என்பது என் கணிப்பு.

அதைவிடச் சிறந்த வழி, கண்ணாடியைப் படுக்க வைக்காமல் நிறுத்தி வைப்பது. கூரையின் ஒரு பகுதியை மட்டும் உயர்த்தி, அதன் பக்கவாட்டில் வடக்கு அல்லது தெற்கு பார்த்துக் கண்ணாடி பதித்தால், வானத்தின் ஒளி வரும். உச்சி வெயில் வராது. இரண்டடி உயரக் கண்ணாடிக்கு மேல் ஓரடி நீளக் கூரை நீட்டம் இருந்தால், ஆண்டு முழுவதும் நண்பகல் வெயில் கண்ணாடியைத் தொடாது. திறந்து மூடும் தகடுகளாக அமைத்தால் மேலே தேங்கும் சூடான காற்றும் வெளியேறும். செலவு கூடத்தான் செய்யும். ஆனாலும் பணம் இருப்பவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். கிழக்கும் மேற்கும் வேண்டாம். காலையிலும் மாலையிலும் சரிந்து வரும் வெயிலை எந்தக் கூரை நீட்டமும் தடுக்காது.

படுக்கை நிலையில்தான் வைக்க முடியும் என்றால், தலைக்கு மேல் வரும் கண்ணாடி, நடுவில் ஒட்டுப்படலம் வைத்து இரண்டு தகடுகளை இணைத்த லேமினேட்டட் கண்ணாடியாகவே இருக்கட்டும். டெம்பர்டு கண்ணாடி மட்டும் என்றால் உடையும்போது துண்டுகள் கொட்டும். லேமினேட்டட் உடைந்தாலும் துண்டுகள் படலத்தில் ஒட்டி நிற்கும். வாங்கும்போது சூரிய வெப்பம் எவ்வளவு உள்ளே வரும் என்ற எண்ணைக் கேளுங்கள், 0.3 பக்கம் இருந்தால் நல்லது.

பாலிகார்பனேட் மலிவு, இலேசு. ஆனால் மழை பெய்தால் பறையடிக்கும். புறஊதாப் பூச்சு உள்ள பக்கம் மேலே இருக்க வேண்டும்; மாற்றிப் போட்டால் சீக்கிரம் மஞ்சளாகிவிடும். மூன்று மீட்டர் தகடு 30 பாகை சூடேறினால் ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் நீளும். திருகு துளைகளைச் சற்றுப் பெரிதாகப் போடாவிட்டால் தகடு வெடிக்கும், அங்கேதான் ஒழுகும்.

ஒழுக்குக்குச் சிலிக்கோன் பூசுவது மருந்தல்ல. கண்ணாடியைச் சுற்றிக் கூரைக்கு மேல் ஆறங்குல உயரத்தில் கட்டையும், அதை ஒட்டி ஓட்டுக்கு அடியில் செல்லும் உலோகத் தகடும் வேண்டும். வடகிழக்குப் பருவமழை நவம்பரில் தொடங்கும். அதற்குள் வேலை முடிந்து, குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சிச் சோதித்திருக்க வேண்டும்.

வீட்டுக்குள் காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் கூரையில்லாமல் விட்ட இடத்தை, அதாவது காற்றுக்கிணற்றை, மூடுவதாக இருந்தால் இன்னும் கவனம். 1984ஆம் ஆண்டின் கட்டட உபவிதிகள்படி, குடியிருக்கும் அறைக்குத் தரைப்பரப்பில் குறைந்தது 10 விழுக்காடு ஜன்னலும், தரைப்பரப்பில் குறைந்தது 5 விழுக்காடு காற்று வரும் திறப்பும் வேண்டும். திறக்க முடியாத கூரைக் கண்ணாடி காற்றுக்கு ஈடாகாது. கூரையில் கைவைக்கும் முன் மாநகர் மன்றத்தின் அனுமதி பெறுங்கள்.

முடிவெடுக்கும் முன் ஒரு வேலை செய்யுங்கள். ஜொகூரில் சூரியன் உச்சிக்கு வருவது பிற்பகல் ஒரு மணி வாக்கில். வெயில் கொளுத்தும் ஒரு நாளில் அந்த நேரத்தில், கூரைக் கண்ணாடி வைத்திருக்கும் உறவினர் வீட்டுக்குப் போய், அதன் அடியில் பத்து நிமிடம் நின்று பாருங்கள்.