ஊவா மலைகளின் நிலக்கீழ்நீரும் பெருந்தோட்ட மக்களும்: உமா ஓயாவை முன்வைத்துச் சில குறிப்புகள்

உமா ஓயாப் பல்நோக்குத் திட்டம் குறித்து எழுந்த விவாதங்களிற் பெரும்பாலானவை மின்சாரம், செலவு, அயல்நாட்டுறவு என்பவற்றையே சுற்றி நிகழ்ந்தன. மலைக்குள் இருக்கும் நீர் யாருடையது என்னும் வினா அவற்றின் அடியிலேயே கிடந்துவிட்டது. அப்புத்தளை, பண்டாரவளைப் பகுதிகளின் நிலையைக் கொண்டு அவ்வினாவை நோக்குவதே இங்கு எமது முயற்சியாகும்.

அப்புத்தளை ஒரு நீர்பிரி முகடு. வடபுறத்தில் விழும் மழை உமா ஓயா முதலியவற்றின் வழியே மகாவலியைச் சேரும். தென்புறத்தில் விழுவது செங்குத்தாக இறங்கித் தெற்குச் சமவெளியின் ஆறுகளுக்குச் செல்லும். மலையின் உள்ளீடு மிகப் பழைய உருமாறிய பாறையாதலால், மணற்படுகை போல நீரைத் தேக்கும் இயல்பு அதற்கில்லை. பாறை உக்கியதால் உண்டான மேல்மண் போர்வையிலும் பாறை வெடிப்புகளிலுமே நீர் தங்குகின்றது. அந்நீர் மலைச்சரிவில் வெளிப்படும் இடத்தில் ஊற்றுத் தோன்றும். அதற்கு மூங்கிலோ குழாயோ பொருத்தினால் அது பீலி. அகராதி பீலியை மயிற்றோகை என்னும். மலையகத்தாருக்கோ அது தண்ணீர். அயற் சிங்களக் கிராமத்தவரும் அதனைப் 'பீல்ல' என்றே வழங்குவர். மொழியால் வேறுபட்ட இரு உழைக்கும் பகுதியினர் நீரளவில் எவ்வளவு நெருங்கியவர் என்பதற்கு இச்சொல்லே சான்று.

1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம் மலைக்காடுகளைக் கோப்பித் துரைமாருக்குத் திறந்துவிட்டது. 1869இல் தோன்றிய இலைநோயால் கோப்பி அழியத் தேயிலை வந்தது. அப்புத்தளையை அடுத்த தம்பேதன்னைத் தோட்டத்தைத் தோமஸ் லிப்டன் 1890இல் வாங்கினார். காடு பிடித்துவைத்த மழை, காடு போனபின் மேல்மண்ணோடு ஓடலாயிற்று. எஞ்சிய ஊற்றுகளை நம்பியே லயங்களில் மக்கள் வாழ்ந்தனர்.

இம்மலைக்குள்தான் 15 கிலோமீற்றருக்குச் சற்று அதிகமான சுரங்கம் குடையப்பட்டது. ஆண்டுக்கு ஏறத்தாழ 145 மில்லியன் கனமீற்றர் நீரை உமா ஓயாப் படுகையிலிருந்து கிரிந்தி ஓயாப் பக்கம் திருப்பி, இடையே 120 மெகாவாற்று மின்சாரம் பெறுவது நோக்கம். வறண்ட தெற்கின் விவசாயிக்கு நீர் தேவை என்பதை நாம் மறுக்கவில்லை. 2008இல் அடிக்கல் நாட்டப்பட்டது. ஈரானிய நிறுவனமொன்று பணியை ஏற்றது. 2014 டிசம்பரில் சுரங்கம் நீர்நிறைந்த வெடிப்புகளை வெட்ட, நீர் உள்ளே பீறிட்டது. 2017இல் மீண்டும் அவ்வாறே நிகழ்ந்தது. நிலக்கீழ்நீருக்குச் சுரங்கம் ஒரு வடிகாலாயிற்று. பண்டாரவளைச் சூழலிற் கிணறுகளும் ஊற்றுகளும் வற்றின; நீரிழந்த மண் அமிழ்ந்து சுவர்கள் வெடித்தன. 2017 ஜூனில் பண்டாரவளையில் ஆயிரக்கணக்கானோர் வீதியில் இறங்கினர். 2024 ஏப்ரலில் திட்டம் திறந்துவைக்கப்பட்டது.

இழப்பீடு கேட்பதற்கு முதலில் ஒன்றை இழந்ததாகக் காட்ட வேண்டும்; காட்டுவதற்கு உறுதி வேண்டும். லயன் காம்பரை தோட்டத்தின் உடைமை. 1972, 1975 ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிருவாகம் கம்பனிகளின் கைக்குச் சென்றது. இம்மாற்றங்கள் எவற்றிலும் பீலி தொழிலாளியின் பெயருக்கு வரவில்லை. பீலி வற்றினால் சட்டத்தின் கண்ணில் அவர் எதனையும் இழக்கவில்லை. குடத்துடன் மேலும் ஒரு மைல் நடக்கும் பெண்ணின் உழைப்பு எக்கணக்கிலும் ஏறாது. கொழுந்தின் நிறை மட்டும் ஏறும்.

சுவீடனின் ஹலண்டசோஸ் சுரங்கத்திலும் இதுவே நிகழ்ந்தது. 1992இல் தொடங்கிய அகழ்வினால் கிணறுகள் தாழ்ந்தன. கசிவை அடைக்கச் செலுத்திய இரசாயனம் நீரை நஞ்சாக்கவே 1997இல் வேலை நிறுத்தப்பட்டது. பணி மீண்டும் நடந்தபோது, சுரங்கத்துட் கசியும் நீருக்கு வினாடிக்குச் சராசரி 100 லீற்றர் என நீதிமன்றம் எல்லை வகுத்தது. சுரங்கம் 2015இற் திறக்கப்பட்டது. நிலக்கீழ்நீரை ஆளுதல் என்பது இத்தகைய எண்ணொன்றை முன்னரே வகுத்து, அதைக் காக்கவைக்கும் அதிகாரத்தையும் உண்டாக்குவதாகும்.

காலநிலை மாற்றம் இதனை மேலும் கடினமாக்குகின்றது. ஊவாவின் பெருமழை ஒக்டோபர் முதல் ஜனவரி வரை. ஜூன் முதல் செப்டெம்பர் வரை வறட்சி. வெப்பமடைந்த வளி மழையைச் சில நாட்களிற் கொட்டித் தீர்க்கும்போது, மண்ணுக்குள் இறங்குவது குறைந்து சரிவில் ஓடுவது மிகுகின்றது. நீரால் நிறைந்த மண்போர்வை பாறையை விட்டு நழுவுவதும் உண்டு. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் புதையுண்டமை சுரங்கத்துடன் தொடர்பற்றது. ஆயினும் அவ்விடம் ஆபத்தானதென முன்னரே எச்சரிக்கப்பட்டும் மக்களுக்கு வேறிடம் வழங்கப்படவில்லை. 2025 நவம்பர் இறுதியில் தித்வா புயலும் பதுளை மாவட்டச் சரிவுகளைப் பெயர்த்தது.

1964ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த நீர்வளச் சபை நாட்டிலுண்டு. அதன் ஆய்வுக் கருவிகளுக்கு இணையாக எளிய அளவை ஒன்றும் உண்டு. குடமொன்று நிறைய எத்தனை வினாடி என்பது பீலிக்கரைப் பெண்களுக்குத் தெரியும். தோட்டந்தோறும் பீலிகளை எண்ணி, மாதமொருமுறை அந்நேரத்தைக் குறித்து, அப்பதிவைத் தொழிற்சங்கங்களும் அயற்கிராமச் சங்கங்களும் கூட்டாகப் பேணலாம். அடுத்த சுரங்கம் வருமுன் அப்பதிவு பத்தாண்டு முதிர்ந்திருத்தல் வேண்டும்.