தென்காசிக்குப் போன மென்பொருள் நிறுவனம்

தரவுத்தளம் என்றதும் ஓராக்கல், ஐ.பி.எம். போன்ற அமெரிக்கப் பெயர்களே நம் நினைவுக்கு வருகின்றன. தமிழ்நாட்டில் வளர்ந்து உலகமெங்கும் வாடிக்கையாளர்களைப் பெற்ற ஸோஹோ நிறுவனத்தின் வரலாற்றையும் கெடா மாணவர்கள் அறிந்திருக்க வேண்டும்.

தரவுத்தளம் என்பது என்ன? தோட்டத்தில் கிராணியாக இருந்த என் தாத்தா செக்ரோல் புத்தகத்தைப் பற்றிச் சொல்வார். ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஒரு வரி, ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கட்டம். மாதக் கடைசியில் சம்பளக் கணக்கு அதிலிருந்துதான் வரும். இப்படித் தகவல்களை அட்டவணைகளாக்கி, ஒன்றோடொன்று தொடர்புபடுத்தும் முறையைக் கணினிக்காக 1970ஆம் ஆண்டு முன்வைத்தவர் ஐ.பி.எம். ஆய்வாளர் எட்கர் காட். வங்கி, மருத்துவமனை, பல்கலைக்கழகப் பதிவுகள் பெரும்பாலும் இன்றும் அம்முறையிலேயே இயங்குகின்றன.

ஸ்ரீதர் வேம்பு சென்னை ஐ.ஐ.டி.யில் பயின்று, அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். 1996இல் அவரும் அவருடைய சகோதரர்களும் டோனி தாமஸும் இணைந்து அட்வென்ட்நெட் என்ற நிறுவனத்தைத் தொடங்கினர். அதே ஆண்டில்தான் நம் கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்காவும் திறக்கப்பட்டது.

தொடக்கத்தில் அந்நிறுவனம் கணினி வலையமைப்புக் கருவிகளைக் கண்காணிக்கும் மென்பொருளை விற்றது. 2000ஆம் ஆண்டுக்குப் பின் இணையத் தொழில் சரிந்தபோது வாடிக்கையாளர்கள் பலரை இழந்தது. அதன் பிறகு புதிய மென்பொருள்களில் இறங்கியது. 2005இல் வாடிக்கையாளர் விவரங்களைப் பராமரிக்கும் மென்பொருளும், 2006இல் நிரல் அதிகம் எழுதாமலேயே சொந்தத் தரவுத்தளச் செயலியை உருவாக்க உதவும் ‘கிரியேட்டரும்’ வந்தன. 2009இல் நிறுவனத்தின் பெயரே ஸோஹோ ஆனது. வெளி முதலீட்டாளர்களிடம் பணம் வாங்காமலே அது வளர்ந்தது.

2011இல் தென்காசி அருகே மத்தளம்பாறை கிராமத்தில் அலுவலகம் திறந்தது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்களைச் சேர்த்து, கட்டணம் வாங்காமல், உதவித்தொகையும் கொடுத்துப் பயிற்றுவிக்கும் பள்ளியையும் அது நடத்தி வருகிறது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஸோஹோ கிராமத்தில் பிறக்கவில்லை. பதினைந்து ஆண்டுகள் பொருளையும் சந்தையையும் உருவாக்கிய பிறகே கிராமத்துக்குப் போனது. ஊரில் இருந்தபடியே சாதிக்கலாம் என்று மட்டும் சொல்வது பாதிக் கதைதான். முதலில் திறமை வேண்டும், அதற்குப் பணம் தருபவர் வேண்டும். அவை இருந்தால் அலுவலகம் கோலாலம்பூரில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.

படிப்பு முடிந்ததும் கெடாவை விட்டுப் போவதா என்ற கேள்வி லூனாஸ், பீடோங், சுங்கை பட்டாணி இளைஞர்களைப் போல எனக்கும் இருக்கிறது. அதற்கு முன் செய்யக்கூடியது ஒன்று உண்டு. மைஎஸ்கியூஎல், போஸ்ட்கிரெஸ்கியூஎல் ஆகிய தரவுத்தள மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. எஸ்.பி.எம். முடித்த விடுமுறையிலேயே உங்கள் தமிழ்ப்பள்ளியின் முன்னாள் மாணவர் பட்டியலையோ, ஊர்க் கோயிலின் உறுப்பினர் பதிவேட்டையோ அதில் அமைத்துப் பாருங்கள். உங்கள் முதல் வாடிக்கையாளர் உங்கள் ஊரிலேயே இருக்கலாம்.