எஃகினுள் ஒளிந்திருந்த பிளவு

போர் விமானங்களைப் பற்றிப் பேசுங்கால் அவற்றின் விரைவையும் தாக்கும் ஆற்றலையும் வியந்துரைப்பதே பெருவழக்கு. அவற்றைத் தாங்கி நிற்கும் உலோகத்தைப் பற்றி நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. வரைபடத்திலும் சோதனைக் கூடத்திலும் தென்படாத குறையொன்று, விமானம் பணிக்கு வந்த பின்னரே வெளிப்பட்டு, வானூர்திப் பொறியியலின் போக்கையே மாற்றிய நிகழ்ச்சி ஒன்றுண்டு. அதனை ஈண்டு விளக்க முற்படுகின்றோம்.

அமெரிக்க விமானப் படையின் எஃப்-111, பறக்கும்போதே இறக்கைகளின் சாய்வை மாற்றிக்கொள்ள வல்லது. மேலெழும்போதும் இறங்கும்போதும் இறக்கைகள் 16 பாகை சாய்வில் விரிந்திருக்கும். ஒலியினும் விரைந்து செல்லுங்கால் 72.5 பாகை வரை பின்னோக்கி மடங்கும். இதனால் ஒவ்வோர் இறக்கையின் சுமை முழுவதையும் அதன் அடியிலுள்ள ஒரே கீல் தாங்க வேண்டியதாயிற்று. எடையைக் குறைக்க வேண்டி, அக்கீலுக்கு டி6ஏசி என்னும் மிகுவலிமை எஃகைத் தேர்ந்தனர்.

வலிமை வேறு; பிளவைப் பொறுக்கும் தன்மை வேறு. கண்ணாடிக் கடையில் காண்கிறோம்: பலகையின்மேல் வைரமுனையால் ஒரு கோடு கிழித்து இலேசாக வளைத்தால், அக்கோட்டின் வழியே அது இரண்டாகிறது. சாதாரண இரும்புத் தகட்டை அவ்வாறு கீறி வளைத்தால், வளையுமேயன்றி முறியாது. எஃகின் வலிமையைக் கூட்டக் கூட, அது கண்ணாடியின் இயல்பை நெருங்குகிறது.

1969 டிசம்பர் 22 அன்று, நெவாடா மாநிலத்தின் நெல்லிஸ் தளத்தைச் சேர்ந்த எஃப்-111 ஒன்று, தாக்குதல் பயிற்சியில் கீழே பாய்ந்து மேலெழுந்தபோது இடது இறக்கை தனியே பிரிந்து வீழ்ந்தது. அதிலிருந்த இருவரும் உயிரிழந்தனர். ஏறத்தாழ 100 மணி நேரமே பறந்திருந்த புது விமானம் அது. அப்போது அது தாங்கிய விசையும் வரம்பிற்கு உட்பட்டதே.

சிதைவுகளை ஆராய்ந்தோர், கீலின் அடித்தகட்டில் ஏறத்தாழ 23 மி.மீ. நீளமும் 6 மி.மீ. ஆழமும் உள்ள பிளவைக் கண்டனர். உறுப்பை உருவாக்கும்போதே பிறந்த பிளவு அது. தொழிற்சாலைப் பரிசோதனைகளில் அது அகப்படவில்லை. பறந்த காலத்தில் அது வளர்ந்ததோ அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. முறிவுக்கு அதுவே போதுமானதாயிற்று.

பழுது ஆலையினுடையது என்று கூறி இதனை முடித்துவிடலாம். நம் கருத்தில், உண்மைக் குறை வடிவமைப்புக் கணக்கிலேயே இருந்தது. கம்பியை மடக்கி மடக்கி நிமிர்த்தினால் ஒடிவதுபோல, உலோகமும் நாளடைவில் சோர்ந்து முறியும் என்பதைப் பொறியாளர் அறிவர். ஆகவே மாதிரி ஒன்றைப் பன்முறை வளைத்துச் சோதித்து, அது தாங்கிய காலத்தில் ஒரு பங்கையே விமானத்தின் ஆயுளாக வகுத்து வந்தனர். ஒவ்வொரு விமானமும் அம்மாதிரியைப் போன்றே பழுதின்றிப் பிறக்கிறது என்னும் நம்பிக்கையின்மேல் அக்கணக்கு நின்றது. பிளவோடு பிறந்த ஒன்றைப் பற்றி அதனால் ஏதும் சொல்ல இயலாது.

எஞ்சிய விமானங்களை என்செய்வது? கருவிக்கும் தப்பும் பிளவைக் கண்டறியக் கையாண்ட வழி வியப்புக்குரியது. குளிரில் இவ்வெஃகு மேலும் எளிதில் முறியும் இயல்பு பெறும். எனவே விமானத்தையே ஒரு கூடத்தில் நிறுத்திச் சுழியத்துக்குக் கீழ் 40 பாகைக்குக் குளிரூட்டினர் (இவ்வளவில் செல்சியசும் பாரன்ஹீட்டும் ஒன்றே). பின்னர் இறக்கைகளைப் புவியீர்ப்பின் 7.33 மடங்குக்கு ஈடாக மேல்நோக்கியும், 2.4 மடங்குக்கு ஈடாகக் கீழ்நோக்கியும் வளைத்தனர். பெரும்பிளவு இருப்பின் தரையிலேயே முறியும், உயிரிழப்பு இல்லை. முறியாது நின்றால், உள்ளே பிளவு இருந்தாலும் அது இன்ன அளவினும் சிறியது என்பது உறுதி. அச்சிறு பிளவு ஆபத்தான அளவுக்கு வளர எத்தனை மணி நேரம் ஆகும் எனக் கணக்கிட்டு, அதற்குமுன் மீண்டும் சோதிக்கலாம். சில விமானங்களின் உறுப்புகள் இச்சோதனையில் முறியவும் செய்தன.

1974-இல் அமெரிக்க விமானப் படை புதிய விதியொன்றை வகுத்தது: புது விமானத்திலும் முதல் நாளே பிளவு உண்டெனக் கொண்டே வடிவமைத்தல் வேண்டும். 1978-இல் பயணியர் விமானங்களுக்கான அமெரிக்க விதியும் அவ்வழியே திருத்தப்பட்டது. 1963-இல் 24 எஃப்-111 விமானங்கள் வேண்டுமென முடிவு செய்த ஆஸ்திரேலியா, இறக்கைச் சிக்கல் முதலியவற்றால் 1973 ஜூன் வரை காத்திருந்தது. அவ்விமானங்கள் அந்நாட்டில் 2010 டிசம்பர் வரை பறந்தன.